பற்றாசுப் பசை பிழிகருவி

பற்றாசுப் பசை பிழிகருவி என்பது மின்சுற்றுப் பலகையில் உள்ள செப்புத் திண்டுகளின் மீது பற்றாசுப் பசையைச் சிறு சிறு புள்ளிகளாக இடுவதற்குப் பயன்படும் கருவி ஆகும். தொழிற்சாலைகளில் இது அழுத்தக் காற்றினால் இயங்கும் பெரிய இயந்திரத்தின் ஒரு பகுதியாக இருக்கும். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கொண்டோரும் மாணவர்களும் பயன்படுத்துவது கையில் பிடிக்கத்தக்க சிறிய வடிவம். அதில் மருந்தூசி போன்ற ஓர் உருளை, அதன் அடைப்பானைத் தள்ளும் திருகுத்தண்டு, திருகைச் சுழற்றும் சிறு மின்னோடி ஆகியவை இருக்கும். முறுக்கு உழக்கில் மாவு பிழியப்படுவதும் இதில் பசை பிழியப்படுவதும் ஒரே முறையில்தான். ஆனால் இங்கு ஒரு முறை பிழியப்பட வேண்டிய அளவு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே ஆகும்.

ஒன்றிரண்டு பலகைகள் மட்டுமே செய்யப்படும் முன்மாதிரிப் பணிக்கு இக்கருவி ஏற்றது. ஒரே பலகையை நூற்றுக்கணக்கில் செய்வோர் துளையிட்ட எஃகுத் தகட்டைப் பலகை மேல் வைத்துப் பசையை வழித்து விடுவர். அம்முறை விரைவானது எனினும் வடிவமைப்பு மாறும் ஒவ்வொரு முறையும் புதிய தகடு செய்விக்க வேண்டும்.

பெயர்

பற்றாசு என்பது உலோகத் துண்டுகளை ஒன்றோடொன்று பிணைக்கும், அவற்றினும் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். பொற்கொல்லர் தொழிலில் வழங்கிய இச்சொல்லை யாப்பிலக்கண உரையாசிரியர்களும் எடுத்தாண்டுள்ளனர். ஆசிடை நேரிசை வெண்பாவில் தனிச்சொல்லை இணைக்க இடையில் சேர்க்கப்படும் ஓரசை அல்லது ஈரசைக்கு, யாப்பருங்கலக் காரிகை உரை கூறும் உவமை பொற்கொல்லர் வைக்கும் பற்றாசே ஆகும்.

பேச்சு வழக்கில் பற்றாசு 'ஈயம்' என்றும், பற்றாசு வைத்தல் 'சால்டரிங்' அல்லது 'ஈயம் வைத்தல்' என்றும் கூறப்படுகின்றன. 'பேஸ்ட்' என்னும் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. வானொலி, தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடைகளில் வட்டமான சிறு டப்பாவில் கிடைக்கும் 'சால்டரிங் பேஸ்ட்' வெறும் இளக்கி மட்டுமே. அதில் உலோகம் இல்லை. பிழிகருவியில் இடப்படும் பற்றாசுப் பசையோ எடையில் பெரும்பகுதி உலோகத் தூளால் ஆனது. கடையில் 'பேஸ்ட்' என்று மட்டும் கேட்டால் முதலாவதே கிடைக்கும். அதைத் திண்டில் இட்டு எவ்வளவு சூடேற்றினாலும் இணைப்பு உண்டாகாது.

பற்றாசுப் பசை

பற்றாசுப் பசை, மிக நுண்ணிய உலோகக் கலவைக் கோளங்களையும் இளக்கியையும் குழைத்துச் செய்யப்படுகிறது. ஊசி வழியே பிழிவதற்கான பசையில் எடையில் ஏறத்தாழ 84 முதல் 88 விழுக்காடு உலோகம். தகட்டின் மேல் வழிப்பதற்கான பசையில் இது 90 விழுக்காட்டை நெருங்கும். எடையில் இவ்வளவு இருப்பினும் கன அளவில் உலோகம் ஏறத்தாழ பாதியே ஆகும். எனவே பசை உருகிய பின் எஞ்சும் பற்றாசு, இட்ட அளவில் பாதியாகச் சுருங்கும்.

பரவலாகப் பயன்படும் கலவைகள் மூன்று. வெள்ளீயம் 63, காரீயம் 37 விழுக்காடு கொண்ட பழைய கலவை 183 பாகை செல்சியசில் உருகும். வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 விழுக்காடு கொண்ட காரீயமற்ற கலவை 217 முதல் 220 பாகையில் உருகும். வெள்ளீயம் 42, பிசுமத் 58 விழுக்காடு கொண்ட கலவைக்கு 138 பாகையே போதும். சாதாரணச் சூடேற்றும் தட்டில் எளிதாக உருகுவதால் மூன்றாவதைப் புதியவர்கள் விரும்புகின்றனர். ஆயினும் அதன் இணைப்பு நொறுங்கும் தன்மை உடையது. அதிர்வையும் அடியையும் தாங்காது. மேலும், காரீயம் பூசப்பட்ட பலகையில் அதனை இட்டால் வெள்ளீயம், காரீயம், பிசுமத் மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 96 பாகையிலேயே உருகும் கலவை உருவாகக்கூடும். ஆகவே பலகையில் என்ன பூச்சு உள்ளது என்பதை அறியாமல் பிசுமத் பசையைப் பயன்படுத்துவது நன்றன்று.

கோளங்களின் பருமனைப் பொறுத்துப் பசை எண்ணிட்டு வகைப்படுத்தப்படுகிறது. மூன்றாம் வகையில் கோளங்கள் 25 முதல் 45 மைக்குரோமீட்டர், நான்காம் வகையில் 20 முதல் 38, ஐந்தாம் வகையில் 15 முதல் 25 மைக்குரோமீட்டர் விட்டம் கொண்டவை. பிழிகருவிக்கான ஊசியின் துளை, மிகப்பெரிய கோளத்தைப் போல் ஏழு முதல் பத்து மடங்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதன்படி மூன்றாம் வகைக்கு 22 கேஜ் ஊசியும் (உள்விட்டம் 0.41 மிமீ), நான்காம் வகைக்கு 23 கேஜ் ஊசியும் (0.33 மிமீ), ஐந்தாம் வகைக்கு 25 கேஜ் ஊசியும் (0.25 மிமீ) பொருந்தும். விதியை மீறி மெல்லிய ஊசியைப் பொருத்தினால் கோளங்கள் துளையின் வாயில் ஒன்றையொன்று முட்டி அடைத்துக்கொள்ளும். அந்நிலையில் மேலும் அழுத்தினால் இளக்கி மட்டும் பிரிந்து வெளியேறி, உலோகத் தூள் உருளைக்குள் கெட்டியாகி விடும். அப்படிக் கெட்டியான பசையை மீட்க இயலாது.

அமைப்பும் இயக்கமும்

தொழிற்சாலைக் கருவிகள் பெரும்பாலும் நான்கு வகைப்படும். குறித்த நேரம் காற்றழுத்தம் கொடுத்துப் பசையைத் தள்ளுவது ஒன்று. திருகு போன்ற புரியைச் சுழற்றி நகர்த்துவது மற்றொன்று. அடைப்பானைக் குறித்த தொலைவு நகர்த்தித் தள்ளுவது மூன்றாவது. பலகையைத் தொடாமல் துளிகளை எறிவது நான்காவது. சிறிய கருவிகளில் பெரும்பான்மை மூன்றாம் வகையைச் சார்ந்தவை. காற்றழுத்தி தேவையற்றது என்பதும், மின்கலத்தாலோ கணினியின் யுஎஸ்பி இணைப்பாலோ இயங்கும் என்பதும் இதற்குக் காரணங்கள்.

இக்கருவியை வடிவமைப்போர் முதலில் செய்ய வேண்டியது ஒரு சிறு கணக்கு. 10 மில்லிலீட்டர் உருளையின் உள்விட்டம் 16 மிமீ எனக் கொண்டால் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 201 சதுர மிமீ. திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 0.8 மிமீ நகரும் என்க. ஒரு சுற்றுக்கு 200 படிகள் கொண்ட சாதாரணப் படிமுறை மின்னோடியை நேரடியாக இணைத்தால், ஒரு படிக்கு அடைப்பான் 0.004 மிமீ நகர்ந்து 0.8 கன மிமீ பசையைத் தள்ளும். ஆனால் 1.6 மிமீ நீளமுள்ள சிறு மின்தடையின் ஒரு திண்டுக்குத் தேவையான பசை 0.08 முதல் 0.1 கன மிமீ மட்டுமே. அதாவது மின்னோடியின் ஒரே படி எட்டு, பத்துத் திண்டுகளுக்கான பசையைக் கொட்டிவிடும். ஆகையால் பற்சக்கரக் குறைப்பு இன்றியமையாதது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 28பிஒய்ஜே-48 என்னும் மின்னோடி, உள்ளேயே பற்சக்கரங்கள் கொண்டு ஒரு சுற்றுக்கு 2048 படிகள் தருவது. அதைப் பயன்படுத்தினால் ஒரு படிக்கு ஏறத்தாழ 0.08 கன மிமீ என்னும் அளவு கிடைக்கிறது. பொழுதுபோக்காளர்களின் கருவிகளில் இம்மின்னோடி அடிக்கடி காணப்படுவதற்கு விலை மட்டும் காரணம் அன்று.

எனினும் கணக்கு காட்டும் அளவு அப்படியே ஊசி முனையில் வருவதில்லை. இரப்பர் அடைப்பான் அமுங்கும். உருளையின் நெகிழிச் சுவர் சற்று விரியும். பசைக்குள் சிக்கிய காற்றுக் குமிழி சுருங்கும். மின்னோடி நகரத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்தே பசை வெளிவரும். நின்ற பின்னும் சிறிது நேரம் கசிந்துகொண்டிருக்கும். இக்கசிவைத் தடுக்க, ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் அடைப்பானைச் சில படிகள் பின்னிழுக்கும்படி நுண்கட்டுப்படுத்தியில் நிரல் எழுதப்படுகிறது. பின்னிழுக்கும்போது அடைப்பான் திருகுடன் சேர்ந்து வர வேண்டும். திருகு வெறுமனே முட்டித் தள்ளும் அமைப்பில் பின்னிழுப்பால் முழுப் பயன் இல்லை. குமிழியே மிகப் பெரிய எதிரி. நல்ல மின்னோடி வாங்குவதைக் காட்டிலும் குமிழி இல்லாமல் உருளையை நிரப்பக் கற்பதே பயன் தரும்.

தேவைப்படும் விசையும் குறைவன்று. 2 பார் அழுத்தத்திற்கு மேற்கூறிய உருளையில் ஏறத்தாழ 40 நியூட்டன், அதாவது 4 கிலோகிராம் எடையின் விசை வேண்டும். கையால் அழுத்தி நூறு திண்டுகளுக்குப் பசையிடுவோரின் கட்டைவிரல் நடுங்குவதும், புள்ளிகள் ஒழுங்கற்றுப் போவதும் இதனாலேயே ஆகும். நேரான உலோக ஊசியை விடக் கூம்பு வடிவ நெகிழி முனைக்கு அழுத்தம் குறைவாகப் போதும்.

கருவியின் உடல் பொதுவாக முப்பரிமாண அச்சுப்பொறியால் அச்சிடப்படுகிறது. ஒரு பொத்தான், ஓர் ஆர்டுயினோ வகை நுண்கட்டுப்படுத்திப் பலகை, மின்னோடி இயக்கி ஆகியவற்றுடன் கருவி நிறைவுறும். அச்சிடும் செலவு நீங்கலாக மின்னணு உறுப்புகள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். ஆயத்தமாக விற்கப்படும் மேசைக் கருவிகளும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தொடங்கிய வோல்டேரா நிறுவனத்தின் வி-ஒன் இவற்றுள் பெயர் பெற்றது. மின்கடத்தும் மையால் சுற்றை வரைவதோடு பற்றாசுப் பசையையும் இடவல்ல இது 2015 இல் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாக நிதி திரட்டி வெளிவந்தது. அவ்வாண்டின் ஜேம்ஸ் டைசன் விருதையும் பெற்றது. அதன் விலை தனி ஒரு மாணவருக்கு எட்டாதது.

குறைகள்

பசை மிகுந்தால் அடுத்தடுத்த கால்களுக்கிடையே பற்றாசு பாலம் போல் ஓடி மின்குறுக்கு உண்டாகும். குறைந்தால் இணைப்பு வலுவிழக்கும். இவற்றைக் காட்டிலும் வியப்பளிப்பது, சிறு மின்தடை அல்லது மின்தேக்கி ஒரு முனை மேலெழுந்து செங்குத்தாக நின்றுவிடும் குறையாகும். இரு திண்டுகளில் பசையின் அளவு வேறுபட்டாலோ ஒன்று முந்தி உருகினாலோ, உருகிய பற்றாசின் பரப்பு இழுவிசை உறுப்பை ஒரு பக்கமாக இழுத்துத் தூக்கிவிடும். ஆங்கிலத்தில் கல்லறைக் கல்லின் பெயரால் வழங்கும் இதனைத் தமிழில் நடுகல் குறை எனலாம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006 இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இப்பெயர் பொருத்தம் விளங்கும்.

பெரிய திண்டிற்கு ஒரே பெரும் புள்ளியாக இடுவதை விட இரண்டு மூன்று சிறு புள்ளிகளாக இடுவது நல்லது. மிக நெருங்கிய கால்கள் கொண்ட தொகுசுற்றுகளுக்கு ஒவ்வொரு காலாகப் பசையிட முயல்வது வீண்; கால் வரிசையின் குறுக்கே மெல்லிய ஒரே கோடாக இழுத்தால், உருகும்போது பற்றாசு பெரும்பாலும் தானே பிரிந்து திண்டுகளில் சேரும். எஞ்சும் பாலங்களைச் செப்புப் பின்னல் கொண்டு ஒற்றி எடுக்கலாம்.

தேனி, கம்பம் பள்ளத்தாக்குச் சூழலில்

பற்றாசுப் பசையை 0 முதல் 10 பாகை செல்சியசுக்குள் வைக்க வேண்டும் என்பதே பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அறிவுரை. அவ்வாறு வைத்தாலும் ஏறத்தாழ ஆறு மாதங்களே அது நிலைக்கும். சூட்டில் இளக்கி உலோகத் தூளுடன் வினைபுரிந்து பசை வறண்டு தடிக்கும். பெருநகரங்களுக்கு வெளியே உள்ளவர்களுக்கு இதுவே முதல் இடையூறு. சென்னையின் ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தையிலிருந்து தேனி ஏறத்தாழ 500 கி.மீ. தொலைவில் உள்ளது. கோடையில் 35 பாகைக்கு மேல் சுடும் நாட்களில் பனிக்கட்டி இன்றிக் கூரியர் வண்டியில் வரும் பசை, கையில் கிடைக்கும்போதே பாதி ஆயுளை இழந்திருக்கக்கூடும். வாங்குவோர் தயாரிப்பு நாளைப் பார்ப்பதும், பெரிய குப்பியைத் தவிர்த்துச் சிறு உருளைகளாக வாங்குவதும், இயன்றால் கோடையைத் தவிர்ப்பதும் நலம். அறை வெப்பத்திலேயே பல மாதங்கள் நிலைக்கும் பசைகளும் இப்போது கிடைக்கின்றன. விலை சற்றுக் கூடினும் இப்பகுதிக்கு அவையே ஏற்றவை.

குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த உருளையை உடனே திறத்தல் கூடாது. குளிர்ந்த பசையின் மேல் காற்றின் ஈரம் படிந்து, சூடேற்றும்போது நீராவியாகித் தெறிக்கும். பலகை எங்கும் சிறு பற்றாசு மணிகள் சிதறும். மூடியபடியே சில மணி நேரம் வெளியில் வைத்து அறை வெப்பத்தை அடைந்த பின்னரே திறக்க வேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வீசும் பலத்த காற்று வேறொரு தொல்லை. காற்றாலைகளுக்கு உகந்த அக்காற்று, திறந்த சன்னல் வழியே பசையிட்ட பலகையின் மேல் புழுதியைக் கொண்டுவந்து சேர்க்கும்; இளக்கியையும் விரைவில் உலர்த்தும். ஆடி மாதத்தில் பசையிட்ட பலகையை ஒரு டப்பாவால் மூடி வைப்பதே எளிய வழி.

இப்பள்ளத்தாக்கில் முன்மாதிரிச் சுற்றுகளுக்கான தேவை உழவிலிருந்து எழுவது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டங்களுக்கும் வாழை, தென்னந்தோப்புகளுக்கும் மண் ஈரம் அறியும் உணரிகள், கைப்பேசி வழி நீரேற்றியை இயக்கும் சுற்றுகள் போன்றவை பயன்படும். இத்தகைய கருவிகளுக்கான கம்பியிலித் தொடர்புக் கூறுகளும் உணரித் தொகுசுற்றுகளும் பெரும்பாலும் மேற்பரப்பில் பொருத்தும் வடிவிலேயே வருகின்றன. துளையில் கால் நுழைத்துப் பற்றவைக்கும் பழைய முறை மட்டும் அறிந்தவர் அவற்றைத் தொட இயலாது. மண்ணீர் உணரி போன்ற எளிய முன்மாதிரிக்குப் பிசுமத் பசை போதும். வெயிலில் காயும் இரும்புப் பெட்டிக்குள், நீரேற்றியின் அதிர்வுக்கிடையே இருக்கவேண்டிய சுற்றுக்கு வெள்ளி கலந்த காரீயமற்ற பசையே தகும்.

கல்வி நிலையங்களுள், போடிநாயக்கனூரில் 2012 இல் தொடங்கப்பட்ட அரசு பொறியியல் கல்லூரி மின்னணுவியல் பாடப்பிரிவைக் கொண்டுள்ளது. பள்ளிகளில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்காக நிதி ஆயோக் 2016 முதல் நிறுவி வரும் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சுப்பொறியும் நுண்கட்டுப்படுத்திப் பலகைகளும் உண்டு. பிழிகருவியைச் செய்து பழக இவ்விரண்டே போதுமானவை.

மின்னணுவியலில் இம்மாவட்டத்தின் பெயர் பெரிதும் அடிபட்டது நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தினால் ஆகும். பொட்டிப்புரத்தை அடுத்த மலையைக் குடைந்து அமைக்கத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தின் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்பு உணர்கருவியில் ஏறத்தாழ 28,800 மின்தடைத் தட்டு உணரிகள் இடம்பெறும் என்றும், ஒவ்வொன்றிலிருந்தும் 128 தடங்களில் குறிப்பலைகள் வரும் என்றும் வகுக்கப்பட்டது. மொத்தம் ஏறத்தாழ 37 இலட்சம் தடங்கள். இவ்வளவு தடங்களுக்கான பலகைகளைக் கைக்கருவியால் செய்ய இயலாது. அவை தானியங்கித் தொழிற்சாலைகளுக்கு உரியவை. ஆயினும் எந்தப் பலகையும் தொடக்கத்தில் ஒன்றிரண்டு படிகளாகச் செய்து சோதிக்கப்பட்டே தொழிற்சாலைக்குச் செல்கிறது. இத்திட்டத்தின் 85 டன் எடையுள்ள சிறு முன்மாதிரி உணர்கருவி 2018 இல் மதுரையில் இயங்கத் தொடங்கியது. பொட்டிப்புரத்தில் எழுந்த எதிர்ப்பு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல், நீர்நிலைகள் பற்றியது. 2015 இல் நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்த இத்திட்டம் வழக்குகளில் சிக்கியது. 2022 இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இதற்கு எதிராக மனு அளித்தது.

காரீயமும் பாதுகாப்பும்

காரீயம் கலந்த பசை மலிவானது, உருக்க எளிதானது, பளபளப்பான இணைப்பைத் தருவது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை 1 முதல் மின்னணுப் பொருள்களில் அதனைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், சந்தைக்கு வரும் கருவிகளின் ஒருபடித்தான பகுதிகளில் காரீயம் 0.1 விழுக்காட்டுக்கு மிகாதிருக்க வேண்டும் என வரையறுத்தன. காரீயப் பசை எனினும் கடைகளில் தொடர்ந்து கிடைக்கிறது.

பற்றாசு உருகும் வெப்பநிலையில் காரீயம் குறிப்பிடத்தக்க அளவில் ஆவியாவதில்லை. எழும் புகை இளக்கியினுடையது. அது மூச்சுக்குழலை உறுத்தும், ஆத்துமாவையும் தூண்டக்கூடும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். காரீயம் உடலுக்குள் செல்லும் வழி கை, வாய் ஆகியவையே. திடமான பற்றாசுக் கம்பியைத் தொடுவதை விட, நுண்தூளாலான பசை விரலிலும் நகக்கண்ணிலும் ஒட்டுவது கேடு மிகுந்தது. குழந்தைகளின் உடலில் கேடற்றது என்று சொல்லத்தக்க காரீய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் நிலைப்பாடு. ஆகவே மாணவர்கள் பணியாற்றும் இடங்களில் காரீயமற்ற பசையையே பயன்படுத்த வேண்டும்.

குளிர்ப்பெட்டியைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. வீட்டில் பணியாற்றுவோர் பசையை மாவு, தயிர், காய்கறிகள் உள்ள அதே பெட்டியில் வைப்பது வழக்கமாக உள்ளது. எக்கலவையாயினும் இது தவிர்க்கத்தக்கது. வேறு வழியில்லையெனில் இறுக மூடும் இரட்டைக் கொள்கலனில் பெயர் எழுதி வைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத தட்டில் வைக்க வேண்டும். மருந்துக்கடை ஊசிகளுக்கு மாற்றாக முனை மழுங்கிய ஊசிகளைப் பயன்படுத்த வேண்டும். மருந்தூசி விரலில் குத்தினால் பசையையும் உள்ளே செலுத்திவிடும். திருகிப் பூட்டும் வாய் கொண்ட உருளைகளே நல்லவை. செருகும் வகை ஊசி, அழுத்தம் கூடும்போது கழன்று பாயும்.

சிந்திய பசையைக் காகிதத்தால் துடைத்த பின் ஐசோபுரொப்பைல் ஆல்ககாலால் சுத்தம் செய்யலாம். சமையலறைத் தொட்டியில் கழுவுதல் கூடாது. துடைத்த காகிதம், காலாவதியான பசை, பயன்படுத்திய உருளைகள் ஆகியவற்றை ஒரு மூடிய டப்பாவில் சேர்த்து மின்னணுக் கழிவு பெறும் இடங்களில் ஒப்படைக்க வேண்டும்.